வலப்பக்கம் வளையும் இதயம்

மிஸ் எஸ்தர் ஞானமணி போய்விட்டார் என்ற செய்தி இரும்புக் கடை வழியாகத்தான் எனக்கு வந்தது. ஜாலான் புசாரில் நான் குடியிருக்கும் மாடிக்கு டெலிபோன் கிடையாது. கீழே இருக்கும் இரும்புச் சாமான் கடைக்கு உண்டு. கடைக்காரச் சீனர் மாடிப்படியின் அடியில் நின்றுகொண்டு, "சிகு, ஹாஸ்பிட்டல்" என்றார். மலாயில் வாத்தியாரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். தெருவே கேட்கும்படி கத்துகிற மனிதர் அன்றைக்கு மெதுவாகச் சொன்னார். இறங்கிப் போய் டெலிபோனைக் கையில் எடுக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

அழுகை அன்றைக்கே அழுது தீர்ந்தது. அருவருப்பு அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது. அது இன்னும் தீரவில்லை.

அன்றுதான் சிராங்கூன் ரோட்டில் நம் சங்கத்து மாடியில் இரங்கல் கூட்டம். இதைப் படிக்கிற உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். "இதயத்தை ஆராய்ந்த தங்க இதயம்" என்று ஒருவர் பேசினார். "கல்யாணமே செய்துகொள்ளாமல் அறிவியலுக்கு வாழ்க்கைப்பட்ட சகோதரி" என்றார் இன்னொருவர். மிஸ் ஞானமணி உயிரோடு இருந்தபோது இதே ஆள் இதே வாயால் என்னென்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியும். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். கடைசியில் சங்கத் தலைவர் எழுந்தார். மிஸ் ஞானமணி வேலை பார்த்த கல்லூரிப் பிரிவுக்கும் ஒரு காலத்தில் அவர்தான் தலைவர். பெயர் உங்கள் எல்லாருக்கும் தெரியும். அதை எழுத எனக்குக் கை வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "ஹாஸ்பிட்டல்ல என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'நடந்ததை எல்லாம் மன்னிச்சிட்டேன் டாக்டர்'னு சொன்னாங்க. அந்த மனசு யாருக்கு வரும்?"

கூட்டம் உச்சுக் கொட்டியது. பெண்கள் பக்கத்தில் யாரோ விசும்பினார்கள். நான் எழுந்து வெளியே வந்து, கீழே கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதையில் நின்றுகொண்டேன். அவர் சொன்னது பொய். நரம்பில்லாத நாக்கு எப்படியும் பேசும். ஆனால் ஒரு பெண்மணி வேலையையும் ஆய்வையும் கொடுத்துக் காப்பாற்றிய ஒன்றை, அவர் செத்த பிறகு, மாலை போட்ட படத்துக்கு முன்னால் நின்று இப்படித் திருடலாமா?

நினைவு மலருக்கு நாலு பக்கம் எழுதித் தாருங்கள் என்று சங்கத்தில் கேட்டிருக்கிறார்கள். எழுதுகிறேன். போடுவதும் கிழித்துப் போடுவதும் அவர்கள் பாடு.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவன். மிஸ் ஞானமணி கல்லூரியின் உயிரியல் பிரிவில் செய்முறை சொல்லித் தரும் டெமான்ஸ்ட்ரேட்டர். எங்களுக்குப் பழக்கம் ஏற்பட்டதும் அந்த இரும்புக் கடையில்தான். ஒரு நாள் சாயங்காலம் நான் வேலையிலிருந்து திரும்பும்போது, கான்வாஸ் சப்பாத்துப் போட்ட ஒரு தமிழ்ப் பெண் கடைக்காரரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். கையில் மெல்லிய ரப்பர் குழாய். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே கனமாக இருக்கிற குழாய் வேண்டும் என்கிறார் அவர். ரப்பர் என்றால் ரப்பர்தான் என்கிறார் கடைக்காரர். நான் நடுவில் புகுந்து, "எதுக்கு மிஸ் இது?" என்று கேட்டேன்.

"இதயத்துக்கு" என்றார். கடைக்காரர் சிரித்தார், நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "நீங்க கணக்கு வாத்தியாரா? அப்ப உங்ககிட்ட ஒரு வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு, அந்தக் குழாயையே வாங்கிக்கொண்டு போனார்.

அந்த வேலை என்ன என்பதைக் கூட்டத்தில் பேசிய ஒருவரும் சொல்லவில்லை. தெரிந்தால்தானே சொல்வதற்கு. கோழி முட்டைக்குள் குஞ்சு உருவாகும்போது அதன் இதயம் முதலில் ஒரு நேர்க் குழாயாக இருக்கிறது. இரண்டு முனையும் பிடித்த இடத்திலேயே இருக்கும். குழாய் மட்டும் நீளும். இடம் போதாது, ஆகவே அது வளைகிறது. வளைவது எப்போதும் குஞ்சின் வலப்பக்கமாக. அதற்குப் பிறகு மடிந்து, திரும்பி, கடைசியில்தான் நாமெல்லாரும் கை வைத்துக் காட்டுகிற இடப்பக்கம் வந்து சேர்கிறது. ஏன் முதலில் வலப்பக்கம்? இதுதான் அவருடைய கேள்வி. இதற்காகத்தான் ரப்பர் குழாயை இரண்டு கட்டைகளுக்கு நடுவில் வைத்து நெருக்கி, எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்தார். நான் அதற்குச் சமன்பாடு எழுதினேன். எழுதி, தீர்த்து, இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் வளையும், கணக்கில் வலமும் இல்லை இடமும் இல்லை என்று பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன்.

அவர் அதை நெடுநேரம் பார்த்தார். "கணக்குக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான் மாஸ்டர். கோழிக்கு ஒண்ணு இல்லையே" என்றார். "உங்க கணக்குல எதுவோ குறையுது. அது என்னன்னு கண்டுபிடிப்போம்."

வாரக்கணக்கில் அது என்னைத் தூங்க விடவில்லை. இத்தனை வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தும் ஒரு கோழி என்னைத் திருத்தும் என்று நான் நினைத்ததில்லை.

முட்டைக்கு அவர் சிலேத்தார் பக்கத்துக் கம்போங் கிராமத்துக்குப் போவார். கடை முட்டையில் கரு இருக்காது. சேவலோடு வளர்கிற கோழியின் முட்டை வேண்டும். கூடையில் துண்டை விரித்து, மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் பிள்ளைத்தாய்ச்சியைப் போல உட்கார்ந்து வருவார். கல்லூரியில் அவருடைய அடைகாக்கும் பெட்டி மின்விளக்குப் பொருத்திய ஒரு மரப்பெட்டி, அவ்வளவுதான். என்னையும் என் மனைவியையும் ஒரு தடவை வரச் சொன்னார். முட்டையின் ஓட்டில் சின்னக் கத்தரியால் ஜன்னல் மாதிரி வெட்டி, "சீக்கிரம் பாருங்க, ஆறிடும்" என்றார். மஞ்சள் கருவின் மேலே கடுகளவுக்கு ஒரு சிவப்பு. அது துடித்தது. கண்ணும் இல்லை, காலும் இல்லை, துடிப்பு மட்டும் வந்துவிட்டது. என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கோழிக் குழம்பு வைக்க மனசில்லாமல் கொஞ்ச நாள் எங்களுக்கு வெறும் பருப்புதான் போட்டாள்.

அந்தச் சிவப்பைப் படமாகப் பிடிக்கிற காமிரா கல்லூரியில் இல்லை. அதனால் வரைந்தார். வாட்டர் கலர். முட்டை ஆறுவதற்குள் வரைந்து முடிக்க வேண்டும் என்பதால் அவர் வரையும்போது பக்கத்தில் யாரும் பேசக்கூடாது. தூரிகையைத் தொடுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்வார். தாளின் வலது ஓரத்தில் பென்சிலால் 'வலம்' என்று எழுதுவார். குஞ்சு மஞ்சள் கருவின் மேல் குப்புறப் படுத்திருக்கிறது. நாம் அதன் முதுகைப் பார்க்கிறோம். ஆகவே அதன் வலம்தான் நமக்கும் வலம். இது மாறக்கூடாது. மாறினால் படம் வெறும் அழகு என்பார். அப்படி ஓரத்தில் 'வலம்' என்று எழுதாத ஒரு படத்தை நான் அவரிடம் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அந்தக் கான்வாஸ் சப்பாத்தோடு நேரே புக்கிட் தீமா காட்டுக்குத்தான். பல நாள் என் மனைவியும் நானும் கூடப் போனோம். அவரோடு நடப்பது ஒரு தண்டனை. உச்சிக்குப் போய்க் காற்று வாங்கலாம் என்று நாங்கள் ஏறினால், அவர் ஒவ்வொரு கொடியாக நின்று அது மரத்தை எந்தப் பக்கமாகச் சுற்றி ஏறுகிறது என்று கை வைத்துப் பார்ப்பார். "அக்கா, கொடி எங்கயும் ஓடிடாது. வயித்துக்கு ஏதாவது போட்டுட்டு வந்து பாப்போம்" என்று என் மனைவி கெஞ்சுவாள். அவர் கேட்டதே இல்லை. மதியத்துக்கு மேல் ஒரு பாறையில் உட்கார்ந்து ஆறிப்போன நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது, அவர் முகத்தில் சந்தோஷம் தாங்காது. "எல்லாக் கொடியும் சொல்லி வச்ச மாதிரி ஒரே பக்கம் போகுது. யார் சொல்லி வச்சா?" என்பார். கல்யாணம் ஆகாத பொம்பளைக்குக் காட்டில் என்ன வேலை என்று சங்கத்தில் பேசிக்கொண்டது இந்த நடையைப் பற்றித்தான். அப்படிப் பேசியவர்கள்தான் இரங்கல் கூட்டத்தில் "சகோதரி" என்றார்கள். சீ.

இப்போது அந்தப் புத்தகத்துக்கு வருகிறேன்.

பள்ளிக்கூடங்களுக்குத் தமிழில் ஓர் உயிரியல் பாடநூல் கொண்டுவர ஒரு கமிட்டி போட்டார்கள். சங்கத் தலைவர்தான் அதற்கும் தலைவர். அவர் டாக்டர் பட்டம் வாங்கியது தாவரத்தில். முட்டைக்குள் எட்டிப் பார்த்தவர் இல்லை. படங்கள் வரையும் பொறுப்பு மிஸ் ஞானமணிக்கு வந்தது. தவளை, மீன், பூ என்று எல்லாம் வரைந்தார். கோழிக் கருவின் படத்தை எத்தனையோ முட்டை உடைத்து, எத்தனையோ தடவை கிழித்துப் போட்டு, கடைசியில் ஒன்றைத் திருப்தியோடு கொடுத்தார். புத்தகம் அச்சாகி வந்தது. பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். இதயம் இடப்பக்கம் வளைந்திருந்தது. படத்தைக் கண்ணாடியில் தெரிவது போல இடவலமாகத் திருப்பிப் போட்டிருந்தார்கள். எழுத்தும் திரும்பித் தெரியும் என்பதால், ஓரத்தில் இருந்த 'வலம்' என்ற சொல்லை வெட்டி எடுத்துவிட்டிருந்தார்கள்.

அச்சகத்தில் தவறிவிட்டது போலிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தார். தலைவரின் அறைக்குப் போய் வந்து எங்களிடம் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

தலைவர் சொன்னாராம்: "மிஸ்டேக் எல்லாம் இல்லை. நான்தான் திருப்பிப் போடச் சொன்னேன். இதயம் எந்தப் பக்கம் இருக்கு? சின்னப் பிள்ளையைக் கேட்டாக்கூட இடப்பக்கம்னு சொல்லும். நீங்க அவசரத்துல மாத்தி வரைஞ்சிட்டீங்க. மானம் போகாம நான் காப்பாத்தியிருக்கேன்."

இவர் ஆய்வறைக்கு ஓடிப் போய் ஒரு முட்டையை எடுத்து வந்து, தலைவரின் மேஜை மேலேயே ஜன்னல் வெட்டி, "நீங்களே பாருங்க டாக்டர்" என்றிருக்கிறார். தலைவர் மூக்கைப் பொத்திக்கொண்டு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாராம். "நாத்தம். முதல்ல இதை வெளிய எடுங்க. ஆபீஸ் லா இது, மீன் மார்க்கெட் இல்லை."

நல்ல கருமுட்டைக்கு நாற்றம் கிடையாது. நான் முகர்ந்து பார்த்திருக்கிறேன். அந்த அறையில் நாறியது வேறு.

குனிந்து பார்க்க ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா? ஒரு நிமிஷம் குனிந்திருந்தால், "அடடா, எனக்குத் தெரியாம போச்சு" என்று சொல்லிவிட்டு எல்லாரும் கோப்பி குடிக்கப் போயிருக்கலாம். தெரியாமல் செய்த பிழையை யார்தான் செய்யவில்லை? பார்க்க மாட்டேன் என்றாரே, அதைத்தான் என்னால் இன்றைக்கும் விழுங்க முடியவில்லை.

மிஸ் ஞானமணி அதோடு விடவில்லை. சின்னச் சின்னத் தாள்களை வெட்டி, ஒவ்வொன்றிலும் சரியான படத்தைக் கையாலேயே வரைந்து, ஓரத்தில் 'வலம்' என்று எழுதி, பசை டப்பாவோடு பிராஸ் பாசா ரோட்டுப் புத்தகக் கடைகளுக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். தப்பான படத்தின் மேல் சரியானதை ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். எல்லாக் கடையிலும் விடவில்லை. ஒரு கடையில் இருந்த பாய் மட்டும் மூக்குக் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான்மா தெரியுது."

"புத்தகத்தைப் படிக்கிற பிள்ளை நாளைக்கு முட்டையைத் திறந்து பாக்கும் பாய். பாத்துட்டு, தன் கண்ணுதான் தப்புன்னு நினைச்சுக்கும்" என்றார் இவர்.

பாய் கொஞ்சம் யோசித்தார். "சரி, ஒட்டிட்டுப் போங்க. பசை வழிஞ்சு பக்கம் ஒட்டிக்கிச்சுன்னா புத்தகம் உங்களுது லா" என்றார். ஒரு முக்காலியையும் இழுத்துப் போட்டார்.

செய்தி தலைவரின் காதுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? கூப்பிட்டனுப்பினார். கமிட்டியை அவமானப்படுத்தியதற்கு எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்கவேண்டும், கேட்டால் வேலை நிரந்தரமாகும், இல்லாவிட்டால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்றார். மிஸ் ஞானமணி அதற்குச் சொன்ன பதிலை அன்று மாலை எங்கள் வீட்டில் உட்கார்ந்து, கோப்பியை ஆற்றிக்கொண்டே, காய்கறி விலை சொல்வது போலச் சொன்னார்: "அடுத்த பதிப்புல பக்கத்தைச் சரியாப் போடுங்க டாக்டர், அன்னைக்கே வந்து மன்னிப்பு எழுதித் தர்றேன். நானும் உங்களை மன்னிச்சிடுறேன்னு சொல்லிட்டு வந்தேன்."

என் மனைவிக்கு அழுகை வந்துவிட்டது. "ஏன்க்கா, ஒரு படம்தானே? வேலை போயிட்டா முட்டைக்கும் பெட்டிக்கும் எங்க போவீங்க?" என்றாள்.

"வேலை இருந்து, நான் வரைஞ்சதை நானே நம்பலைன்னா, அப்ப மட்டும் பெட்டி எதுக்கு?" என்றார்.

ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அடைகாக்கும் பெட்டியை அவர் கேட்டும் கொடுக்கவில்லை. பழைய சாமான்களோடு போட்டுவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். கேள்வி பாதியில் நின்றது. என் சமன்பாட்டில் எது குறைகிறது என்பதை நாங்கள் கண்டுபிடிக்கவே இல்லை. அதற்குப் பிறகு தஞ்சோங் பகாரில் துறைமுகத் தொழிலாளிகளின் பெண் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துப் பிழைத்தார். ஞாயிற்றுக்கிழமை நடையை மட்டும் விடவில்லை. ஜூரோங்கில் தொழிற்சாலை கட்ட மேடுகளை வெட்டிக்கொண்டிருந்தபோது, வெட்டுவதற்குள் பார்த்துவிடலாம் என்று எங்களையும் இழுத்துக்கொண்டு போய், புழுதியில் நின்று அந்த மேடுகளை வரைந்தார். அந்தப் படங்களிலும் ஓரத்தில் திசை குறித்திருக்கும்.

புத்தகம் மறுபடியும் மறுபடியும் அச்சானது. ஒவ்வொரு புதுப் பதிப்பு வரும்போதும் நான் போய்ப் பார்ப்பேன். ஒவ்வொன்றிலும் இதயம் இடப்பக்கம். இதற்குள் தலைவருக்கும் உண்மை தெரியாமல் இருந்திருக்காது. திருத்தினால், அன்று திருத்தியது தப்பு என்று ஆகிவிடுமே. அந்த ஒரு கௌரவத்துக்காக எத்தனையோ பிள்ளைகள் இன்னமும் தப்பைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். இரங்கல் கூட்டத்துக்கு அச்சடித்த அழைப்பிதழ் இருக்கிறதே, அதன் முகப்பிலும் அதே திருப்பிய படம்தான். அதற்குக் கீழே "மிஸ் எஸ்தர் ஞானமணியின் கைவண்ணம்" என்று வேறு. எடுத்துப் பாருங்கள்.

வயிற்றில் கட்டி என்று அவரை மருத்துவமனையில் சேர்த்தபோது அது முற்றிப் போயிருந்தது. என் மனைவியும் நானும் மாறி மாறிப் போய் இருந்தோம். ஒரு நாள் பார்வையாளர் நேரத்தில் வராந்தாவில் நான் உட்கார்ந்திருக்கும்போது, தலைவர் வந்தார். கையில் பழக்கூடை, பின்னால் கமிட்டி ஆள் ஒருவர். "மிஸ்ஸைப் பாக்கணும். பழசை எல்லாம் மனசுல வச்சுக்கக் கூடாது, இல்லையா?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு, கேட்டு வருகிறேன் என்று உள்ளே போனேன்.

மிஸ் ஞானமணிக்குப் பேசவே தெம்பில்லை. இன்னார் வந்திருக்கிறார் என்றேன். கண்ணைத் திறந்தார்.

"புதுப் பதிப்பு வந்திருக்குன்னு சொன்னீங்களே, பாத்தீங்களா?"

"பாத்தேன் மிஸ்."

"எந்தப் பக்கம்?"

ஒரு கணம், பொய் சொல்லலாமா என்று தோன்றியது. அவரிடம் அது நடக்காது. "இடப்பக்கம்தான்" என்றேன்.

"அப்ப உள்ள விடாதீங்க" என்றார். "பழத்தை வாங்கி நர்ஸுங்களுக்குக் கொடுத்துருங்க. பாவம், ராவும் பகலும் நிக்கிறாங்க."

நான் தயங்கி நின்றேன். சர்ச்சுக்குத் தவறாமல் போகிறவர், இந்த நிலைமையில் மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு போக வேண்டுமா என்று எனக்கே சங்கடமாக இருந்தது. அதை அவரிடம் வாய்விட்டே கேட்டேன்.

"கேட்டா மன்னிக்கணும்னுதான் நானும் படிச்சிருக்கேன் மாஸ்டர்" என்றார். "அவர் பழம்தானே கொண்டு வந்திருக்கார்."

வெளியே வந்து பழக்கூடையை வாங்கிக்கொண்டேன். பார்க்க முடியாது என்று தலைவரிடம் சொன்னேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அப்ப நான் வந்தேன்னு சொல்லிடுங்க" என்று திரும்பிப் போனார். அன்றும் சரி, பிறகும் சரி, கதவுக்கு அந்தப் பக்கம் அவர் கால் வைக்கவில்லை. கூட வந்த கமிட்டி ஆளுக்கும் இது தெரியும். இரங்கல் கூட்ட மேடையில் தலைவருக்கு மைக்கைச் சரி செய்து கொடுத்தவர் அவர்தான்.

மிஸ் ஞானமணியின் படங்களை அவருடைய தங்கை மகள் பினாங்குக்கு எடுத்துப் போய்விட்டாள். அவளிடம் இருப்பதுதான் முறை. சங்கத்தார் புகழை எடுத்துக்கொண்டார்கள், தலைவர் கண்ணீரை எடுத்துக்கொண்டார். எனக்கு அதில் எல்லாம் பங்கு வேண்டாம். மிஸ் எஸ்தர் ஞானமணி சாகும் வரை தலைவரை மன்னிக்கவில்லை. கட்டிலருகே நின்று அதைக் காதால் கேட்டவன் நான் ஒருவன். அது என்னிடம் இருக்கிறது. அதை யாருக்கும் தர மாட்டேன்.